வீட்டாரோடு ஊழியம் செய்த வைத்தியர்
(டாக்டர் ஜான் ஸ்கட்டர் - 1793 முதல் 1855 வரை)



பட்டாபிராமிலிருந்து ஒரு தடவையாவது வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் நம்ம சபையில் குறைவு. விடியற்காலை இருட்டோடு எழுந்து, மின்சார ரயிலில் அரக்கோணம் போய், அங்கே வண்டி மாறி காட்பாடியில் இறங்கி, பிறகு பஸ் பிடித்துப் போவோம். கையில் ஒரு பையில் பழைய சீட்டுகள், இன்னொரு பையில் இட்லி. சில வருஷங்களுக்கு முன்பு நானும் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அப்படித்தான் போனேன். டோக்கன் எடுத்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, அந்த ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் பெயர் என் கண்ணில் பட்டது.

அந்தப் பெயரை நான் அறியாதவன் இல்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது மிஷனெரி சரித்திரப் பாடத்தில் ஸ்கட்டர் குடும்பத்தைப் பற்றி மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினவன்தான். ஆனால் பரீட்சைக்குப் படித்தது வேறு. அன்று என் மாமியார் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்க, அந்த ஜனக்கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து யோசித்தது வேறு. இந்த அம்மாவுக்கு இப்படி ஒரு மனதைக் கொடுத்தது எந்த வீடு? அந்த வீட்டின் பெரியவர் யார்? ஊருக்குத் திரும்பின பிறகு, பரணில் கிடந்த என் பழைய நோட்டுகளை எடுத்து மறுபடியும் படித்தேன். அதில் கர்த்தர் என்னோடு பேசினார். அது எனக்கு அவ்வளவு சுகமான பேச்சாக இருக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

ஒரு சின்னப் புஸ்தகம்

ஜான் ஸ்கட்டர் 1793-ம் வருஷம் செப்டம்பர் 3-ம் தேதி அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்தில் பிறந்தார். பிரின்ஸ்டனில் படித்து, பிறகு நியூயார்க்கில் வைத்தியம் கற்று, அதே பட்டணத்தில் டாக்டராக நல்ல பெயர் எடுத்தார். கைராசிக்காரர். வாசலில் நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். ஹாரியட் வாட்டர்பரி என்ற பக்தியுள்ள பெண்ணை மணந்துகொண்டார். மரியா என்று ஒரு பெண் குழந்தை. வீடு, வருமானம், மரியாதை எல்லாம் இருந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும், சொல்லுங்க?

ஒரு நாள் ஒரு அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர், வெளியே காத்திருந்த நேரத்தில் மேஜையில் கிடந்த ஒரு சிறு புஸ்தகத்தைக் கையில் எடுத்தார். பம்பாயில் ஊழியம் செய்துகொண்டிருந்த கோர்டன் ஹால், சாமுவேல் நூவெல் என்ற இரண்டு மிஷனெரிகள் எழுதியது. சுவிசேஷம் கேள்விப்படாத அறுபது கோடி ஜனங்களின் தேவையைப் பற்றியது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முழங்காலில் நின்று வாசித்தார். தான் போகவேண்டும் என்ற பாரம் அவரைப் பிடித்துக்கொண்டது.

பிரியமானவர்களே, இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அவர் உடனே போய் மிஷன் சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு, அப்புறம் வந்து மனைவியிடம் அறிவிக்கவில்லை. முதலில் ஹாரியட்டிடம்தான் சொன்னார். தனக்குள் இருக்கிற பாரத்தை அவர்கள் முன்னால் வைத்தார். அந்தச் சகோதரி முழு மனதோடு வருகிறேன் என்று சம்மதித்தார்கள். அந்தச் சம்மதத்துக்குப் பிறகுதான் மற்ற எல்லாமும்.

கடலில் ஆறு மாதம்

1819-ம் வருஷம் ஜூன் 8-ம் தேதி பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். கூட வந்தவர்களில் மைரன் வின்ஸ்லோ ஒருவர். பிற்காலத்தில், 1862-ல், பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்ட அதே வின்ஸ்லோ ஐயர்தான். லீவை ஸ்பால்டிங் என்பவரும் வந்தார். அந்தக் காலத்தில் சூயஸ் கால்வாய் இல்லை. பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அக்டோபர் மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே, இன்னும் ஊழியத்தைத் தொடங்கவே இல்லை, சின்ன மரியா வியாதிப்பட்டு மரித்துப்போனாள்.

ஒரு டாக்டர். எத்தனையோ பேருடைய பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவர். தன் ஒரே பிள்ளையைத் தன் கையாலேயே அந்நிய மண்ணில் அடக்கம்பண்ணவேண்டியதாயிற்று. பெற்றவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். நாமாக இருந்திருந்தால் அடுத்த கப்பலில் திரும்பிப் போயிருப்போம். ஆனால் அவர்கள் இருவரும் கண்ணீரோடு முன்னோக்கித்தான் போனார்கள். டிசம்பர் மாதம் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை வந்து சேர்ந்தார்கள். இலங்கை மண்ணில் பிறந்த பிள்ளைகளிலும் சிலரை அவர்கள் இழந்தார்கள். இந்த வரியை நான் இங்கே சுலபமாக எழுதிவிட்டேன். அவர்கள் வாழ்க்கையில் அது சுலபமாக இருந்திருக்காது.

பண்டத்தரிப்பில் வைத்தியசாலை

1820-ல் அவர் ஊழியராக அபிஷேகம்பண்ணப்பட்டு, பண்டத்தரிப்பு என்ற ஊரில் குடியேறினார். அங்கே வைத்தியசாலை தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வெளிதேசத்துக்குப் போன முதல் வைத்திய மிஷனெரி இவர்தான் என்று சரித்திரம் சொல்லுகிறது. இலவச வைத்தியம். காசு இருக்கிறவன், இல்லாதவன், உயர்ந்த ஜாதி, தாழ்ந்த ஜாதி என்று பார்க்கவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் மருந்து. தமிழைப் படித்து, தமிழிலேயே பேசி, தமிழிலேயே பிரசங்கித்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களும் நடத்தினார்.

இன்றைக்கு நமக்குக் கண்ணில் புரை என்றால் ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்து, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஸ்கட்டர் ஐயர் காலத்தை யோசித்துப் பாருங்க. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யலாம் என்று உலகத்துக்குத் தெரிந்ததே 1846-ல்தான். அவர் பண்டத்தரிப்பில் கண் புரையை நீக்கினதும், கட்டிகளை அறுத்ததும், அழுகின கை கால்களை எடுத்ததும் அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பு. நோயாளி முழு நினைவோடு இருப்பான். டாக்டரின் கை நடுங்கக்கூடாது. 1817-ல் வங்காளத்தில் புறப்பட்ட காலரா என்னும் கொள்ளைநோய் அந்த வருஷங்களில் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. அது அசுத்தமான தண்ணீரால் வருகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ என்ற டாக்டர் தெளிவாகக் காட்டினது 1854-ல். எதனால் வருகிறது என்று தெரியாமலே, தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் இருந்தும், வியாதிக்காரரை விட்டு ஓடாமல் அவர் நின்றார். அவர் காலத்தில் விசுவாசம் என்றால் இப்படித்தான் இருந்தது.

இப்படி யாழ்ப்பாணத்தில் மட்டும் 17 வருஷம்!

சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்தார்

1836-ல் வின்ஸ்லோ ஐயரோடுகூட இவரையும் மிஷன் சென்னைக்கு அனுப்பியது. நம்ம சென்னைக்குத்தான். சிந்தாதிரிப்பேட்டையில் அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடம் நடந்தது. தமிழில் வேதப் பகுதிகளும் கைப்பிரதிகளும் அங்கே அச்சாகின. இன்றைக்கு நாம் மவுண்ட் ரோடு போகும் வழியில் பஸ்ஸில் தாண்டிப் போய்விடுகிற அந்தப் பேட்டையில், ஸ்கட்டர் ஐயர் கைப்பிரதிகளைக் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். ரயில் இல்லாத காலம். மாட்டு வண்டி, பல்லக்கு, நடை. ஒரு ஊரில் பதினொரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, சாப்பாட்டுக்கும் போகாமல், ஜனங்களுக்குப் பிரசங்கித்தும் கைப்பிரதி கொடுத்தும் வந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வாசிக்கிறோம்.

இப்படிப் போன ஒரு பயணத்தில் நீலகிரிப் பக்கம் காட்டுக் காய்ச்சல் வந்து சாகக்கிடந்தார். செய்தி கேட்டு ஹாரியட் அம்மா ஒரு சின்ன மகனையும் தூக்கிக்கொண்டு பல்லக்கில் புறப்பட்டார்கள். காட்டு வழியில் பொழுது சாய்ந்தது. மிருகங்களுக்குப் பயந்து தூக்கிகள் ஓடிப்போனார்கள். அந்த அம்மா இருட்டில், புலியும் யானையும் நடமாடுகிற காட்டில், பிள்ளையை அணைத்துக்கொண்டு விடியும்வரை முழங்காலில் நின்றார்கள். காலையில் ஆட்கள் திரும்பி வந்தார்கள். போய்ப் பார்த்தபோது கணவர் ஆபத்தைக் கடந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த சாட்சி இது.

வீடு என்னும் முதல் சபை

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். இவ்வளவு ஊர் சுற்றின மனுஷனுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் எப்போதும் வீட்டிலேயே இருந்த தகப்பன் இல்லை. வருஷத்தில் பல வாரங்கள் அவர் வெளியூரில்தான். பிள்ளைகளும் சின்ன வயதிலேயே படிப்புக்காகக் கடல் தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். வருஷக்கணக்கில் தாய் தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிரிவின் பாரத்தை அதிகமாகச் சுமந்தது ஹாரியட் அம்மாதான். இதை எழுதாமல் விட்டால் அந்தச் சகோதரிக்கு அநியாயம் செய்தவனாவேன்.

ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் அந்தத் தாய் அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கிற நாளாக ஒதுக்கி வைத்தார்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் சரி, பத்தாயிரம் மைல் தள்ளி இருந்தாலும் சரி. தன் பிள்ளைகள் கர்த்தருக்குள் வந்ததற்கு அவர்கள் தாயின் ஜெபமே காரணம் என்று ஸ்கட்டர் ஐயர் பிற்காலத்தில் தாழ்மையோடு சாட்சி சொன்னார். தனக்குப் பெருமை எடுத்துக்கொள்ளவில்லை. 1842 முதல் 1846 வரை சுகவீனத்தால் அமெரிக்கா போயிருந்த நாட்களிலும், அவர் பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளைத்தான் அதிகமாகத் தேடிப்போய்ப் பேசினார். பட்டணம் பட்டணமாகப் பல்லாயிரம் பிள்ளைகள் அவர் பேச்சைக் கேட்டார்கள். பிள்ளைகளுக்கென்றே கடிதங்களாகப் புஸ்தகங்கள் எழுதினார்.

பலன் என்ன? அவருடைய ஏழு குமாரர்களும் இரண்டு குமாரத்திகளும் தென்னிந்தியாவில் மிஷனெரிகளாக உழைத்தார்கள்! சாமுவேல் என்ற இன்னொரு மகன் ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே கர்த்தரிடம் போய்விட்டார். மூத்த மகன் ஹென்றி 1844-ல் திரும்பி வந்தார். 1853-ல் ஹென்றி, வில்லியம், ஜோசப் என்ற மூன்று சகோதரர்களும் சேர்ந்து ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். சைலஸ் என்ற மகன் 1866-ல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி தொடங்கினார். கடைசி மகன் ஜான், அவரும் டாக்டர்தான். அந்த ஜானுடைய மகள்தான் வேலூர் ஐடா அம்மையார்.

திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கிற தங்கள் மனைவிகளுக்காகக் கெஞ்சினதும், ஆண் டாக்டர் வரக்கூடாது என்று அவர்கள் மறுத்ததும், மூன்று தாய்மாரும் இறந்துபோனதும் நமக்குத் தெரிந்த சாட்சி. அந்த ராத்திரிதான் ஐடாவை டாக்டராக்கியது. 1900-ல் வேலூரில் தொடங்கி, 1902-ல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி என்று வளர்ந்ததுதான், நாம் இன்று டோக்கன் எடுத்துக் காத்திருக்கிற இடம். தலைமுறைகளாக அந்தக் குடும்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மிஷனெரிகளாக உழைத்திருக்கிறார்கள்.

அறுவடையைப் பார்க்காதவர்

ஆனால் பாருங்க, இதில் பெரும்பகுதியை ஸ்கட்டர் ஐயர் பார்க்கவே இல்லை. 1849 நவம்பரில் ஹாரியட் அம்மா சென்னையில் நித்திரையடைந்தார்கள். முப்பது வருஷம் தமிழ் மண்ணில் தோளோடு தோளாக நின்ற துணை போய்விட்டது. அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை, உடம்புதான் ஓய்ந்துபோனது. சுகம் தேடி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அங்கே வின்பர்க் என்ற ஊரில் 1855 ஜனவரி 13-ம் தேதி, பிரசங்கிக்கப் போவதற்கு முன் சற்று இளைப்பாறப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. வயது 61. மனைவி ஒரு தேசத்தில், தான் ஒரு தேசத்தில்.

சைலஸ் ஊழியத்துக்கு வந்தது 1860-ல். கடைசி மகன் ஜான் வந்தது 1861-ல். பேத்தி ஐடா பிறந்தது 1870-ல், தாத்தா மரித்துப் பதினைந்து வருஷம் கழித்து. விதைத்தவர் போய்விட்டார்; பயிர் பிறகு வளர்ந்தது. இன்று நம்ம மாமியார்களும் அம்மாக்களும் கண் தெளிந்து வீட்டுக்கு வருகிறார்கள்.

என் வீட்டைப் பற்றி

இப்போது என்னைப் பற்றி. பகலில் நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் சபை வேலை. திங்கள் வீட்டு ஜெபம், புதன் உபவாச ஜெபம், வெள்ளி முழு இரவு, நடுவில் ஆஸ்பத்திரி சந்திப்பு, துக்க வீடு, கல்யாண வீடு. யாராவது கூப்பிட்டால் இல்லை என்று சொன்னதே கிடையாது. அதைப் பெரிய சாட்சியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, வேறொரு விசுவாசியின் பிள்ளைக்காக நான் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். அதே ராத்திரி என் மகளுக்குக் காய்ச்சல் ஏறி, என் மனைவி தனியாக ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். என் செல்போனை ஜெபத்துக்காக அணைத்து வைத்திருந்தேன். காலை ஐந்தரைக்கு நான் வீடு திரும்பினபோதுதான் விஷயம் தெரிந்தது. மனைவி கோபப்படவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். மகன்தான் ஒன்று சொன்னான்: அப்பா எல்லார் வீட்டுக்கும் பாஸ்டர், நம்ம வீட்டுக்கு மட்டும் விருந்தாளி என்று. அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதனால்தான் அது இன்னும் அதிகமாகக் குத்தியது.

சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதை நான் எத்தனை தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்! அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்துத் திரும்பியது.

ஸ்கட்டர் ஐயரும் வெளியே போனவர்தான். என்னைவிட அதிகமாகவே போனவர். அவர் வீட்டாருக்கும் காயங்கள் இருந்திருக்கும். ஆனால் புறப்படுவதற்கு முன்னே அவர் மனைவியைக் கேட்டார். நான் என் மனைவியைக் கேட்டதே இல்லை. இன்றைக்கு எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன், அவ்வளவுதான். அவர் வீட்டில் ஊழியம் எல்லாருக்கும் சொந்தமாக இருந்தது. என் வீட்டில் அது எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. அதற்கான விலையை மட்டும் மற்றவர்கள் கொடுத்தார்கள்.

அன்று மாலை மனைவியையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்யலாம் என்று முதல் தடவையாக அவர்களைக் கேட்டேன். இப்போது திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு மட்டும். செல்போனை அணைப்பதில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளில் கேக் வெட்டுவதற்கு முன்னால், ஹாரியட் அம்மாவை நினைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்காக நானும் மனைவியும் காலையில் உபவாசித்து ஜெபிக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருக்கிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும்போது நால்வரும் சேர்ந்து போகிறோம். பொட்டலம் கட்டுகிறது மகள் பொறுப்பு. தூக்குகிறது மகன் பொறுப்பு. போன மாதம் எனக்கு ஓவர்டைம் வந்து நான் போகமுடியவில்லை. என்னைக் கேட்காமலே அவர்கள் மூன்று பேரும் போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். கர்த்தருக்கே மகிமை!

அன்பான சகோதரரே, சகோதரியே! எழுப்புதல் வேண்டும் என்று சபையில் கண்ணீரோடு கேட்கிறோம். அந்த எழுப்புதல் நம்ம வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், அதோடு பேச நமக்கு நேரம் இருக்கிறதா? பிறருக்கு உதவி செய்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லுகிறேன். இந்த வாரம் எங்கேயாவது ஊழியத்துக்குக் கிளம்பும் முன்னே, வீட்டில் உள்ளவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்லுகிற பதிலுக்குக் காது கொடுங்கள். அடுத்த முறை வேலூருக்கு டோக்கன் எடுக்கப் போகும்போது, இருநூறு வருஷத்துக்கு முன் பெற்ற பிள்ளையைக் கல்கத்தாவில் அடக்கம்பண்ணிவிட்டும் திரும்பிப் போகாத அந்தத் தாய் தகப்பனுக்காகக் கர்த்தரைத் துதியுங்கள்.

கர்த்தர் தாமே நம் ஒவ்வொரு வீட்டையும் ஆசீர்வதித்து, நம் பிள்ளைகளையும் பிள்ளைகளின் பிள்ளைகளையும் தமது சேவைக்கென்று எடுத்துக்கொள்வாராக! ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஜெபத்தை வாஞ்சிக்கும் சகோதரன்,
பட்டாபிராம்